உடைந்த சோளமும் ஏழு அங்குலப் புல்லியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் விவசாயப் பக்கத்தில், சந்தைக்கு வரும் சோளத்தில் உடைசல் கூடிவிட்டது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. விதை சரியில்லை, மழை காலம் தப்பிப் பெய்கிறது, காயப்போட இடமில்லை, படைப்புழு விட்டபாடில்லை என்று காரணங்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் சரிதான். ஆனால் அந்தச் சோளத்தைக் கதிரிலிருந்து உதிர்க்கிற மெசினைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள். கணக்கு வருகிற இடத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் விவசாயி அல்ல. கொழும்பில், மெசின் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் முப்பத்து நாலு வருசமாக பெல்ட், பெயரிங், புல்லி விற்கிறவன். சோளம் உடைந்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் தம்பி மட்டக்களப்புப் படுவான்கரையில், கரடியனாறு பக்கம் சோளன் செய்கிறான். எங்கள் ஊரில் சோளன்தான். கொழும்புக்கு வந்த பிறகு எனக்கு அது சோளம் ஆகிவிட்டது. அவனிடம் ட்ரக்டரில் பூட்டி ஓட்டுகிற பழைய உதிர்க்கும் மெசின் ஒன்று இருக்கிறது. இவன் கைக்கு வருவதற்கு முன்பே இரண்டு பேரிடம் ஓடிக் களைத்தது. தன் சோளனை உதிர்த்த பிறகு அக்கம்பக்கத்தவர்களுக்கும் கூலிக்கு ஓட்டுவான். போன வருசம் மாசி மாதம், பெரும்போகச் சோளன் முறித்துக் குவித்திருந்த நேரம், ட்ரம்மின் (கதிரை அடித்து உதிர்க்கிற சுழல் உருளை) புல்லி, அதாவது பெல்ட் ஓடுகிற சில்லு, வெடித்துவிட்டது. இரவு ஒன்பது மணிக்குப் போன் எடுத்தான்.

"மச்சான், ஒன்பது இஞ்சிப் புல்லி. ரெண்டு பெல்ட் போறது. நாளைக்கு வேணும்."

கடையில் ஒன்பது இல்லை. பெல்ட் உட்காருகிற தவாளிப்பு இரண்டு உள்ள ஏழு அங்குலம் ஒன்று இருந்தது. அச்சுத் துளை சரியாக இருந்தது. "ஏழு இருக்கு, போடு. பெல்ட் ரெண்டும் கொஞ்சம் கட்டையா அனுப்புறன்" என்றேன். இரவு பஸ்ஸில் போட்டுவிட்டேன். பஞ்சிகாவத்தையில் நாங்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் இது. கேட்டது இல்லாவிட்டால் பொருந்துவதைக் கொடுப்போம். பொருந்தினால் சரி என்பதுதான் எங்கள் சாஸ்திரம்.

பொருந்தியது. மெசின் முன்னைவிடத் துடியாக ஓடுகிறது, வேலை சீக்கிரம் முடிகிறது என்று அவனுக்கு ஒரே சந்தோசம். இரண்டு கிழமை கழித்து வந்த போனில் அந்தச் சந்தோசம் இல்லை. வாங்க வந்த வியாபாரி கையில் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, உடைசல் என்று கிலோவுக்குப் பத்து ரூபாய் கழித்துவிட்டார். கூலிக்கு ஓட்டிய வீடுகளிலும் அதே கதை. கம்பனி விதைதான் பிழை என்று எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். வேறு விதை வாங்க வேண்டும் என்று யோசனை. எனக்குப் புல்லியின் நினைவே வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மட்டக்களப்பு இரவு ரயிலில் வந்த ஊர்க்காரர் ஒருவரிடம் ஐந்து கிலோ கொடுத்து அனுப்பியிருந்தான். கோட்டை ஸ்டேசனில் போய் வாங்கிக் கடைக்குக் கொண்டுவந்து மேசையில் கொட்டினேன். சாக்கின் அடியில் ஒரு கை அளவு மஞ்சள் மாவு. புழு அரித்த மாவு கொஞ்சம் உருண்டையாக, எச்சத்தோடு பிசுபிசுத்து இருக்கும். இது உலர்ந்த வெறும் தூள், விரலில் ஒட்டவில்லை. வீட்டிலிருந்து அரிதட்டைக் கொண்டுவரச் சொல்லி அரித்தேன். குறுணல் ஒரு பக்கம், முழு மணி ஒரு பக்கம். முழு மணியைப் பார்த்தால் நல்ல மணிதான். அதை வைத்துத்தான் ஏமாந்துபோவோம்.

என் மகள் ஒரு யோசனை சொன்னாள். பள்ளிக்கூடத்தில் மாச்சத்துக்கு அயடின் விட்டால் கருநீலம் ஆகும் என்று படித்திருப்போமே, அதுதான். காயத்துக்குப் பூசுகிற அயடினைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்தோம். அரித்த முழு மணியில் 100 எண்ணி அதில் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் விட்டுக் கழுவி, பெயரிங் பெட்டி மூடியில் பரப்பினோம். தோல் முழுதாக இருக்கிற மணியில் அயடின் ஏறாது, மஞ்சளாகவே நிற்கும். தோல் வெடித்த இடத்தில் உள்ளே இருக்கும் மாவில் பட்டு மயிர் போலக் கறுப்புக் கோடு விழும். ஐயா, நூறில் 38 மணியில் கோடு இருந்தது. கண்ணுக்கு முழுசு, உள்ளே முறிவு. பெரும்பாலும் மணியின் தலைப்பக்கத்தில், நட்சத்திரம் வெடித்த மாதிரி. மழை இப்படி வெடிக்க வைக்காது, விதையும் வைக்காது. இது அடி. எதுவோ ஓங்கி அடித்திருக்கிறது. (அந்த மணிகளைக் கோழிக்குப் போட வேண்டாம், எறிந்துவிடுங்கள்.)

கொழும்பில் இருக்கிற நமக்கு இந்தக் கோடு ஏன் முக்கியம் என்று கேட்கலாம். அரிதட்டில் விழாத இந்த மணிதான் பிறகு வழியெல்லாம் உடைகிறது. லொறியில் ஏற்றும்போது கொஞ்சம், புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெரு மொத்தக் கடைகளில் இறக்கும்போது கொஞ்சம், கிட்டங்கியில் அடுக்கும்போது கொஞ்சம். கடைசியில் மூட்டையைத் தூக்கி எறிந்த நாட்டாமியின் தலையில் பழி விழும். அமெரிக்காவில் சோளத்துக்குத் தரம் போடும்போது 12/64 அங்குல வட்டத் துளையுள்ள சல்லடையில் விழுகிற உடைசலையும் குப்பையையும் சேர்த்து நிறுப்பார்கள். இரண்டாம் தரத்துக்கு 3 வீதம்தான் அனுமதி. அந்தச் சல்லடையாலும் கீறல் விழுந்த முழு மணியைப் பிடிக்க முடியாது. அங்கேயே அப்படி என்றால், கையில் ஒரு பிடி அள்ளி விலை சொல்கிற இடத்தில் எப்படிப் பிடிப்பது?

அதைவிடப் பெரிய விசயம் பூஞ்சணம். சோள மணியின் தோல் என்பது அதற்கு மழைச்சட்டை மாதிரி. அது கிழிந்தால் ஈரமும் பூஞ்சணமும் நேராக மாவுக்குள் போகும். அந்தப் பூஞ்சணத்தில் ஒரு வகைதான் அஃப்லடொக்சின் நஞ்சைச் சுரப்பது. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேல் வான்கோழிக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்த பிறகுதான் அந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். அது கடலைப் பிண்ணாக்கால் வந்தது, ஆனால் சோளத்திலும் அதே பூஞ்சணம்தான். நம் நாட்டுச் சோளம் பெரும்பாலும் கோழித்தீனுக்குத்தான் போகிறது. தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கிற சத்துமாவான திரிபோஷாவிலும் சோளம்தான் பெரும் பங்கு. ஆகவே விலையில் பத்து ரூபாய் குறைவதோடு முடிகிற கதை அல்ல இது.

சரி, மெசினுக்கு வருகிறேன். அடி என்று தெரிந்ததும் முதல் கேள்வி, ட்ரம் எத்தனை சுற்று ஓடுகிறது என்பது. சுற்று அளக்கிற மீட்டர் எங்கள் தெருவிலேயே விற்கிறார்கள், ஆனால் மெசின் நிற்பது கரடியனாற்றில். என் மருமகன், அதாவது மச்சானின் மகன், அங்கே போனில் ஒரு வேலை செய்தான். புல்லியின் விளிம்பில் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போட்டான். மெசினை ஓட்டி, ஒரு செக்கனுக்கு 240 படம் எடுக்கிற ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்தான். பிறகு ஒவ்வொரு படமாக நகர்த்தி, வெள்ளைக் கோடு பத்துச் சுற்று வர எத்தனை படம் என்று எண்ணினான். 156.

"மாமா, நிமிசத்துக்கு 923 வருது. கூடவா?"

அப்போதுதான் எனக்கு நெஞ்சில் பட்டது. ட்ரக்டரின் பின்னால் மெசின் பூட்டுகிற அச்சு, பி.டி.ஓ. என்பார்கள், நிமிடத்துக்கு 540 சுற்று. அதிலிருந்து வருகிற புல்லி 12 அங்குலம். ட்ரம்மில் 9 அங்குலம் இருந்தால் 540 ஐ 12 ஆல் பெருக்கி 9 ஆல் பிரிக்க வேண்டும்: 720 சுற்று. 7 அங்குலம் போட்டால் கிட்டத்தட்ட 926. மருமகன் போனில் எண்ணியது 923. என் கையால் கொடுத்த புல்லியேதான். (சரியாகச் சொன்னால் வெளி விளிம்பை அல்ல, பெல்ட் தவாளிப்பில் உட்கார்ந்து ஓடுகிற விட்டத்தைத்தான் அளக்க வேண்டும். பெரிய புல்லிகளில் வித்தியாசம் சொற்பம்.)

வேகம் 29 வீதம்தானே கூடியது என்று நினைக்கக் கூடாது. அடியின் பலம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஒன்பதை ஏழால் பிரித்து, வந்ததை அதாலேயே பெருக்கிப் பாருங்கள்: 1.65. மணிமேல் விழுகிற அடி ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. இதைக் கேட்டு மச்சான் ஒன்றும் ஏசவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மறுகா என்ன செய்யிற?" என்றான். ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

இந்த இடத்தில் பலர் செய்வது அக்சிலேட்டரைக் குறைத்து ஓட்டுவது. அவனும் அதைத்தான் முதலில் செய்தான். அது வேலைக்கு ஆகாது. பழைய மெசின்களில் ட்ரம், காற்றாடி, சல்லடை எல்லாம் ஒரே ஓட்டத்தில் கட்டியிருக்கும். அக்சிலேட்டரைக் குறைத்தால் ட்ரம்மோடு சேர்ந்து காற்றாடியும் சோரும், சல்லடையும் சோரும். சக்கை பறக்காது, சாக்கில் குப்பை விழும், வியாபாரி அதற்கும் கழிப்பார். ட்ரம்மை மட்டும் இறக்க வேண்டும் என்றால் ட்ரம்மின் புல்லியைத்தான் மாற்ற வேண்டும்.

ஒன்பது அங்குலம் கொழும்பில் தேடித் தேடிக் கிடைக்கவில்லை. கடைசியில் எங்கள் பின் தெருவில் இருக்கிற லேத் பட்டறையில், தடித்த விளிம்புள்ள பழைய வார்ப்புப் புல்லி ஒன்றை ஒன்பதுக்குக் கடைந்து, தவாளிப்பும் வெட்டி எடுத்தோம். பட்டறைப் பாஸ் ஒரு சிங்களவர். அவருடைய மனைவியின் ஊர் சியம்பலாண்டுவ, அங்கேயும் சோளம்தான். கடைந்துகொண்டே கதை கேட்டவர், மெசினை நிறுத்திவிட்டு, "நான் போன வருசம் ஒருவருக்கு எட்டு அங்குலத்தை ஏழாகக் கடைந்து கொடுத்தேனே" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு டீ குடித்தோம்.

புல்லியைக் கொண்டுபோய் மாட்ட நானே ஊருக்குப் போனேன். மெசினை அருகில் போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, என் புல்லி மட்டும் குற்றவாளி இல்லை.

பழைய மெசினில் எங்கே பிழை என்று கண்டுபிடிக்க எல்லோரும் மணியைப் பார்க்கிறார்கள். கதிரின் கட்டையைப் பார்க்க வேண்டும். மணி உதிர்ந்த பிறகு வெளியே விழுகிற கட்டை முழுதாகவோ இரண்டு துண்டாகவோ வந்தால் மெசின் அளவாக ஓடுகிறது. கட்டை நீளவாக்கில் பிளந்து சில்லுச் சில்லாக வந்தால் வேகம் கூட, அல்லது ட்ரம்முக்கும் அதன் கீழே வளைந்து நிற்கிற இரும்புத் தட்டிக்கும் இடைவெளி போதாது. கன்கேவ் என்று சொல்வார்களே, அந்தத் தட்டி. அவன் முற்றத்தில் கட்டைக் குவியலில் கையை விட்டேன். முழுக்கட்டை ஒன்றும் அகப்படவில்லை. எல்லாம் விறகுக்கு வெட்டிய மாதிரிச் சிராய்.

தட்டியின் இரண்டு பக்கமும் நட்டை முறுக்கி ஏற்றி இறக்கலாம். கதிர் நுழைகிற பக்கம் அகலமாக, வெளியே போகிற பக்கம் ஒடுக்கமாக இருக்க வேண்டும். ஒடுக்கமான பக்கத்தில்கூட மணி உதிர்ந்த வெறும் கட்டை நசுங்காமல் உருண்டு போக வேண்டும். அவன் மெசினில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறுக்கியிருந்தது. ஏன் இப்படி இறுக்கினாய் என்று கேட்டேன். சில கதிர் உதிராமல் மணியோடு வந்ததாம்.

சில கதிர் உதிராமல் வந்ததன் காரணத்தைத்தான் நான் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய மெசின் வைத்திருக்கிற எல்லோரும் விழுகிற குழி இது. ட்ரக்டரை நிறுத்தி, சாவியைக் கழற்றி என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் மூடியைத் திறந்தேன். (சாவி யார் பையில் இருக்கிறது என்று தெரியாமல் ட்ரம்முக்குள் கையை விடாதீர்கள்.) ட்ரம்மில் மணியைத் தேய்த்து உதிர்க்கிற இரும்புப் பட்டிகள் இருக்கின்றன. அவற்றின்மேல் ஒரு நேர்த்தடியை வைத்துப் பார்த்தேன். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கதிர் அதிகம் போவது நடுவால்தான். அதனால் நடு தேய்ந்து குழிந்துவிட்டது, இரண்டு ஓரமும் புதிசு மாதிரி இருக்கிறது. நடுவால் போகிற கதிர் சரியாக உதிராது. உதிரவில்லையே என்று தட்டியை ஏற்றி இறுக்குவார்கள். நடு சரியாகும், ஓரத்தால் போகிற கதிர் நசுங்கி மாவாகும். ஒரே நேரத்தில் உதிராத கதிரும் வரும், உடைந்த மணியும் வரும். இரண்டும் சேர்ந்து வந்தால் யாருக்கும் தலை சுற்றும், இறுக்குவதா தளர்த்துவதா? இரண்டும் இல்லை. பட்டியை மாற்ற வேண்டும். மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது, எதிரெதிராகச் சோடி சோடியாக மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ட்ரம் நிறை தப்பி உதறும், பிறகு பெயரிங்குக்கு என்னிடம்தான் வருவீர்கள். எனக்கு வியாபாரம்தான், ஆனாலும் சொல்கிறேன்.

பட்டி மாற்றி, தட்டியைச் சரித்து வைத்து, ஒன்பது அங்குலத்தை மாட்டி ஓட்டினோம். கட்டைகள் பாதிக்குப் பாதி முழுதாக விழுந்தன. ஆனால் கதிர் போடுகிற பெடியன் பயந்து பயந்து ஒவ்வொன்றாகப் போட்டான். மெதுவாகப் போட்டால் மணிக்கு நல்லது என்று அவன் நினைப்பு. உண்மை தலைகீழ். ட்ரம் நிறைந்து ஓடினால் கதிரோடு கதிர் உரசி உதிரும், ஒன்றுக்கு ஒன்று மெத்தையாக இருக்கும். வெறுமையாக ஓடினால் இரும்பு நேராக மணியில் அடிக்கும். மெசின் முக்காமல் முனகாமல் எவ்வளவு எடுக்குமோ அவ்வளவு போட வேண்டும்.

அடுத்து மருமகன் ஒரு வீடியோவைக் காட்டினான். அமெரிக்கக்காரர் ஒருவர் 1980களில் வந்த பெரிய அறுவடை மெசின் ஒன்றைத் திறந்து வைத்து, 20 முதல் 25 வீத ஈரத்தில் சோளத்தை வெட்டுங்கள், மணி உடையாது என்கிறார். "நாங்கள் காயவிட்டுத்தானே உதிர்க்கிறோம் மாமா, அதுதான் பிழையோ?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அந்த ஊரில் ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான் கதிராக முறித்து, கூண்டில் போட்டு மாதக்கணக்கில் காயவிட்டுப் பிறகு உதிர்த்தார்கள். 1954 இல் ஜோன் டியர் கம்பனி தானிய அறுவடை மெசினின் முன்னால் பூட்டி, வயலில் நிற்கிற சோளக் கதிரைப் பறிக்கிற பாகத்தை, சோளத் தலை என்பார்கள், விற்கத் தொடங்கியது. அதன் பிறகு வயலிலேயே ஈரமாக உதிர்ப்பது வழக்கமானது. 1977 இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஒற்றை ரோட்டர், அதாவது நீளவாக்கில் கிடந்து சுழலும் ஒரே உருளை, உள்ள மெசினைக் கொண்டுவந்தது. அதில் கதிர் ரோட்டரைச் சுற்றிச் சுற்றி நீளமாகப் போய் உதிரும், ஒரே இடத்தில் அடிபடாது. அவர்களுடைய சிக்கல் ஈர மணி நசுங்குவதும், பிறகு சூட்டில் வேகமாக உலர்த்தும்போது உள்ளே வெடிப்பதும். 28, 30 வீத ஈரத்தில் மணி பச்சையாக நசுங்கும். நமது சிக்கல் மறுகரையில். கதிராகப் படங்கில் நல்ல வெயிலில் காயவிட்டு, 13, 14 வீதத்துக்கு வந்த பிறகு உதிர்க்கிறோம். அந்தக் காய்ச்சலில் மணி கண்ணாடி மாதிரி. அதே அடி இன்னும் கூடுதலாக உடைக்கும். ஆகவே அவர்களுடைய புத்தகத்தில் போட்டிருக்கிற வேகத்தை அப்படியே நம் மெசினுக்கு வைக்க முடியாது. நமக்கு ட்ரம் எவ்வளவு மெதுவாக ஓடினால் கதிர் உதிருமோ, அவ்வளவுதான் வேகம்.

ஈரம் தெரிய எல்லோரிடமும் மீட்டர் இல்லை. காய்ந்த கண்ணாடிப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் உலர்ந்த உப்பும் ஒரு பிடி சோளமும் போட்டு, மூடிக் குலுக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் வையுங்கள். உப்புப் போத்தல் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 வீதத்துக்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்தால் உதிர்க்கலாம், மூட்டை கட்டலாம். உப்பு தன்னிலேயே நசிந்த உப்பாக இருக்கக் கூடாது. எங்கள் வீட்டு உப்பு அப்படித்தான், சட்டியில் வறுத்துத்தான் எடுத்தோம்.

இவ்வளவும் செய்த பிறகு இந்த வருசச் சோளனில் ஐந்து கிலோ மறுபடி ரயிலில் வந்தது. அதே அயடின், அதே பெயரிங் பெட்டி மூடி. நூறில் 11. இன்னும் இருக்கிறது, ஆனால் 38 எங்கே!

இப்போது ஏன் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று சொல்கிறேன். எங்கள் தெருவில் என்னைப் போல எத்தனையோ கடை. வவுனியாவிலிருந்தும் அநுராதபுரத்திலிருந்தும் மொனராகலையிலிருந்தும் மெசின் சாமான் தேடி வருகிறார்கள். வருகிறவர் உடைந்த புல்லியைக் கொண்டுவருவதில்லை, போனில் படம் காட்டுவார். படத்தில் ஏழும் ஒன்பதும் ஒரே மாதிரித்தான் இருக்கும். கடைக்காரத் தம்பிமாருக்குச் சொல்கிறேன்: இது எந்த மெசினின் எந்த இடத்துப் புல்லி என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ட்ரம்முக்கு என்றால் அளவு மாற்றிக் கொடுக்காதீர்கள். இல்லை என்று சொல்லுங்கள். இல்லை என்று சொல்வதால் கடை மூடிப் போகாது. வாங்க வருகிறவர்கள் உடைந்ததையே சாக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.

நாலாம் குறுக்குத் தெரு முதலாளிமாருக்கும் ஒன்று. உடைசல் என்று விலை கழிக்கிறீர்கள், சரி, உங்கள் வியாபாரம். ஆனால் எந்த மாதிரி உடைசல் என்று சிட்டையில் ஒரு சொல் எழுதிக் கொடுத்தால் என்ன? மாவாக இருக்கிறது, பாதியாக முறிந்திருக்கிறது, ஓரத்தில் சீவியிருக்கிறது, புழு அரித்திருக்கிறது, இவ்வளவுதான். ஒரு நாளைக்கு நூறு இடத்துச் சோளம் உங்கள் கையால் போகிறது. பார்த்த உடனே உங்களுக்குத் தெரியும். விவசாயிக்குத் தெரியாது, அவனுக்குத் தெரிந்தது அவன் சோளம் ஒன்றுதான். "உடைசல்" என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பிப் போகிறவன் விதைக் கடைக்குத்தான் போவான்.

மகா இலுப்பள்ளமவில் விவசாயத் திணைக்களத்தின் பண்ணை இயந்திர ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே இருக்கிறவர்கள் இந்தக் கடிதத்தைப் பார்த்தால் ஒரு வேண்டுகோள். சோளம் உதிர்க்கும் மெசினில் ட்ரம்மின் சுற்று எவ்வளவு, புல்லிகளின் அளவு என்ன என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஒரு சின்னத் தகடு அடித்து, ஓடுகிற பழைய மெசின்களிலும் ஒட்டலாம். புத்தகம் வேண்டாம், புத்தகம் முதல் மழையிலேயே போய்விடும். என் மச்சானின் மெசினிலும் ஒரு தகடு இருந்தது. நான் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பார்த்தேன். எழுத்து எல்லாம் தேய்ந்துவிட்டது, மிச்சம் இருந்த ஒரேயொரு இலக்கம் செய்த வருசம்.

மீதி இருக்கிற அந்த 11 மணியைப் பற்றி. அவற்றில் கறுப்புக் கோடு தலையில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது, கத்தியால் சீவிய மாதிரி. அது ட்ரம் அல்ல. மணியைச் சாக்குக்கு ஏற்றிக் கொண்டுபோகிற குழாய்க்குள் சுழலும் திருகு ஒன்று இருக்கிறது, அதன் விளிம்பு தேய்ந்து தகடாகி, குழாய்க்கும் அதற்கும் நடுவில் மணி அகப்பட்டு அறுபடுகிறது என்று நினைக்கிறேன். போன தடவை நேரம் போதாமல் அதைக் கழற்றிப் பார்க்கவில்லை. சித்திரை வருசப் பிறப்புக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நாள் கூடுதலாக நிற்கப் போகிறேன். அந்த ஏழு அங்குலப் புல்லி திரும்பக் கடைக்கு வந்துவிட்டது. "தண்ணி மோட்டருக்கு மட்டும்" என்று எழுதிய அட்டையோடு மேல் தட்டில் தொங்குகிறது.

இப்படிக்கு,
பெல்ட், பெயரிங் கடைக்காரன்,
பஞ்சிகாவத்தை, கொழும்பு 10.